படகையும் அவுட்போர்ட் மோட்டாரையும் பத்திரமாக எடுத்து வைப்பது எப்படி: முதல்முறை வைப்பவர்களுக்கு

இரண்டு முறை அடிபட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். முதல் முறை, படகை எடுத்து வைத்துவிட்டு ஐந்து மாதம் கழித்து வந்து கயிற்றை இழுத்தால் மோட்டார் உயிர் பெறவே இல்லை. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாகிப் போய்த் துளைகளை எல்லாம் அடைத்திருந்தது. அதற்கு அடுத்த முறை மோட்டாரே இல்லை. படகின் பின்பலகையில் அது உட்கார்ந்திருந்த தடம் மட்டும் இருந்தது. புகார் எழுதப் போனால் முதல் கேள்வியே வரிசை எண் என்ன என்பதுதான். அந்த எண் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, திருடுபோன மோட்டாரின் மேல். காப்பீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்ததற்கு அடையாளம் கேட்டார்கள். நான் மோட்டாரைப் பின்பலகையில் பிடிக்கும் திருகுகளைக் கையால் இறுக்கியதோடு விட்டிருந்தேன். பணம் வரவில்லை.

உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். டிரெய்லரில் இழுக்கக்கூடிய, அல்லது நாலு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய சிறு படகும் ஒரு மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறை செய்யும்போது ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் அரை நாளில் முடியும். மோட்டாரின் கையேட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதும் அதில் இருப்பதும் வேறுபட்டால் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள்.

1. எண்களும் காகிதங்களும் முதலில்

இதற்கு அரை மணி நேரம்தான் ஆகும், செலவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது இதைத்தான்.

மோட்டாரின் வரிசை எண் பெரும்பாலும் பின்பலகையைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியில், ஒரு சிறு தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ இருக்கும். சில மோட்டார்களில் மேல்மூடிக்குள் இன்ஜின் கட்டையிலும் அதே எண்ணைப் பொறித்திருப்பார்கள். இரண்டையும் தேடுங்கள், ஏனென்றால் தாங்கியிலுள்ள தகட்டைத் திருடர்கள் முதலில் பிய்த்துவிடுவார்கள். படகின் உடல் எண்ணை, அமரத்தில் (படகின் பின்முனை) நின்று அணியத்தை (முன்முனை) பார்த்தால் வலப்பக்கம் வரும் பின்பலகையின் மேல் மூலையில், வெளிப்புறமாகப் பார்க்கலாம். டிரெய்லருக்கும் தனி எண் உண்டு.

மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணையும் படிக்கும்படி கிட்டத்தில் ஒரு படம், பிறகு மோட்டார் படகில் பூட்டப்பட்ட நிலையில் ஒரு படம் எடுங்கள். பூட்டு தெரியும்படி இருக்கும் அந்தப் படம்தான் பிற்பாடு உதவும். கீறல், பழைய அடிபட்ட தழும்பு, நீங்கள் மாற்றிய கைப்பிடி, எதையும் விடாதீர்கள். அடையாளம் காட்டும்போது அவைதான் பேசும்.

சேர்த்து வைக்க வேண்டியவை: வாங்கிய ரசீது, படகின் பதிவுச் சான்று, காப்பீட்டு ஒப்பந்தம், பழுதுபார்த்த ரசீதுகள், பூட்டு வாங்கிய ரசீது, பூட்டுச் சாவியின் எண். பழைய மோட்டாரை ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தால், வரிசை எண் குறிப்பிட்டு அவர் கையெழுத்திட்ட ஒரு தாளாவது வேண்டும். அது இல்லாமல் உங்களுடையது என்று நிறுவுவது மிகவும் கடினம். இவற்றைப் படகிலோ படகு நிற்கும் கொட்டகையிலோ வைக்காதீர்கள். வீட்டில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி.

அடுத்து, காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். பூட்டு வாங்கும் முன்பே படிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அவுட்போர்ட் மோட்டாருக்குத் தனி நிபந்தனை இருக்கும்: வெறும் திருகுப் பிடி போதாது, திருட்டைத் தடுக்கும் தனிப் பூட்டு வேண்டும், கழற்றி வைத்தால் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும், உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் வேண்டும் என்றெல்லாம். படகு கரையில் நிற்கும் மாதங்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். இடம் மாற்றி வைக்கிறீர்கள் என்றால் அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

2. எங்கே வைப்பது

உங்கள் இடத்தில் பூட்டக்கூடிய கொட்டகை இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. திறந்த வெளி என்றால் சாலையிலிருந்து கண்ணில் படாத மூலையாகப் பாருங்கள். டிரெய்லரின் இணைப்புமுனை சுவரைப் பார்த்தபடி இருந்தால், வண்டியைக் கொண்டுவந்து மாட்டிச் சட்டென்று இழுத்துப் போக முடியாது.

வாடகைக்கு இடம் எடுப்பதானால் மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தூக்கி இறக்கும் கூலி, கழுவும் கூலி, தாங்கு கட்டைகளின் வாடகை, பருவம் முடியும் முன் எடுத்தால் கட்ட வேண்டிய தொகை, இவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். என் அனுபவத்தில், வாடகை குறைவாகத் தெரிந்த இடத்தில்தான் தூக்கும் கூலி கூடுதலாக இருந்தது. ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: திருட்டு, தீ, புயல் இவற்றுக்கு யார் பொறுப்பு, எந்த நேரத்தில் உள்ளே போகலாம், வாடகை பாக்கியானால் படகைப் பிடித்து வைக்கவோ விற்கவோ அவர்களுக்கு உரிமை உண்டா. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று இருந்தால், காவலாளி இருந்தாலும் இழப்பு உங்களுடையதே. பருவம் முடிவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இடம் பேசிவிடுங்கள். எல்லோரும் ஒரே வாரத்தில்தான் கரையேறுவார்கள்.

3. கரையேறிய அன்றே கழுவுங்கள்

நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாத வேலை இது. உப்பு காய்ந்தால் குளிர்விக்கும் நீர் ஓடும் குறுகிய பாதைகளில் படிந்து இறுகிவிடும். நன்னீரில் ஓட்டினாலும் சேறும் மணலும் உள்ளே போகும், அதனால் கழுவியே ஆக வேண்டும்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியில் நீர் உறிஞ்சும் துளைகள் மேல் மாட்டும் காதுக்கவசம் போன்ற ரப்பர்க் கிண்ணங்கள் கிடைக்கின்றன. அதில் தண்ணீர்க் குழாயை இணையுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், கியர் நடுநிலையில் இருக்கட்டும். தண்ணீரைத் திறந்த பிறகு மோட்டாரை இயக்குங்கள். மோட்டாரை அணைத்த பிறகு தண்ணீரை மூடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓடினாலே பம்பின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்து கருகும். மெதுவான வேகத்தில் 10 முதல் 15 நிமிடம் ஓடட்டும். பின்பக்கம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

சிறு மோட்டாரை ஒரு பெரிய பீப்பாயில் இறக்கியும் ஓட்டலாம். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு நீண்டிருக்கும், தண்ணீர் அதற்கும் மேலே நிற்க வேண்டும்.

இங்கே ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது, கவனியுங்கள். பல மோட்டார்களில் பக்கவாட்டில் குழாயை நேராக மாட்ட ஓர் இணைப்பு இருக்கும். பெரும்பாலும் அது மோட்டாரை அணைத்து வைத்துக் கழுவுவதற்கானது. அதில் குழாயை மாட்டிவிட்டு இன்ஜினை ஓட்டினால் பம்புக்குத் தண்ணீர் போகாது. கையேட்டைப் பார்க்காமல் இயக்காதீர்கள். எந்த முறையானாலும் திறந்த வெளியில் ஓட்டுங்கள், புகை மூடிய கொட்டகையில் ஆளைக் கொல்லும்.

முடிந்ததும் மோட்டாரை நிமிர்ந்த நிலையில் விட்டு, உள்ளே நிற்கும் தண்ணீர் முழுவதும் வடியவிடுங்கள். கடுங்குளிர் வரும் இடமானால் இது கட்டாயம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், உள்ளே தேங்கியிருந்தால் வார்ப்பு இரும்பானாலும் அலுமினியமானாலும் வெடித்துவிடும்.

4. பெட்ரோல்: மோட்டார்கள் கெடுவது இதனால்தான்

பெட்ரோல் சில மாதங்களிலேயே பழசாகிவிடும். எத்தனால் கலந்தது என்றால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

கெடாமல் காக்கும் திரவம் ஒன்று கிடைக்கிறது, ஃபியூவல் ஸ்டெபிலைசர் என்று கேளுங்கள். புதிய பெட்ரோலில்தான் அது வேலை செய்யும், கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. புட்டியில் குறித்த அளவில் கலந்து, கழுவும்போதே அந்தப் பெட்ரோலில் 10 நிமிடமாவது ஓட்டினால் கார்புரேட்டர் வரை அது போய்ச் சேரும். தொட்டியில் ஊற்றிவிட்டு ஓட்டாமல் விட்டால் பயன் இல்லை. முதல் ஆண்டு நான் செய்த தவறு அதுதான்.

கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே தானாக அணையும் வரை ஓட்டுங்கள். அணைந்த பிறகும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கிண்ணத்தின் கீழே ஒரு வடிகால் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலைதான் அடுத்த பருவத்தில் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவை மிச்சமாக்கும்.

ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் மோட்டார் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இப்படி வற்றவிட்டு ஓட்டாதீர்கள். அதன் எரிபொருள் பம்புகளுக்குப் பெட்ரோலே மசகு. ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோலோடு வைப்பதா, எங்கே வடிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும்.

கையில் தூக்கும் தொட்டியாக இருந்தால் காலி செய்து வையுங்கள். மிச்சப் பெட்ரோலை வீட்டுக்குள்ளோ, வாட்டர் ஹீட்டர் போலச் சுடர் எரியும் கருவி இருக்கும் அறையிலோ வைக்கவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ச் சுடரைத் தேடிப் பிடிக்கும்.

5. எண்ணெய் வேலைகள்

கியர் ஆயிலை வைக்கும்போதே மாற்றுங்கள், எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கீழ்ப்பகுதியில் இரண்டு திருகுகள் இருக்கும். அடியில் பாத்திரம் வைத்து கீழ்த்திருகைத் திறந்து, பிறகு மேல்திருகைத் திறந்தால் எண்ணெய் இறங்கும். பாலோ தேநீரோ போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதாவது தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. அப்படியே வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும், குளிரில் உறைந்தால் கியர்ப்பெட்டியே வெடிக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் இந்த நேரமே பழுதுபார்க்க ஏற்ற நேரம், மெக்கானிக்கும் அவசரம் இல்லாமல் பார்ப்பார்.

புது எண்ணெயைக் கைப்பம்பால் கீழ்த்துளை வழியாக மேல்நோக்கி ஏற்ற வேண்டும், அப்போதுதான் காற்று சிக்காது. மேல்துளையில் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துக் கீழ்த்திருகை. இரண்டிற்கும் புது வாஷர் போடுங்கள். விலை அற்பம், பழையதைப் போட்டுக் கசிந்தால் வரும் செலவு அப்படி இல்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரில் இன்ஜின் ஆயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஓடிய எண்ணெயில் சேரும் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் உலோகத்தை அரிக்கும். கழித்த எண்ணெயைத் தண்ணீரிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள்.

கடைசியாக, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஃபாகிங் ஆயிலை (உட்புறம் துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய்) தெளித்து, அவசர அணைப்புக் கிளிப்பை எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுத்தால் சுவரெங்கும் எண்ணெய் பரவும். பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

6. புரொப்பெல்லரும் பேட்டரியும்

புரொப்பெல்லரைக் கழற்றியதும் பின்னால் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். தண்டின் பல்வரிகளில் கிரீஸ் தடவி வையுங்கள். புரொப்பெல்லர் இல்லாத மோட்டார் திருடனுக்கும் அவ்வளவு கவர்ச்சி இல்லை, அதனால் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். முழுதாக மின்னேற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4-க்குக் கீழே போனால் மறுபடி ஏற்றுங்கள்.

7. மோட்டாரைக் கழற்றலாமா?

உங்களால் தூக்க முடியுமானால் கழற்றுங்கள். 2.5 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் 17, 18 கிலோ இருக்கும், ஒருவரே தூக்கலாம். 9.9 குதிரைத்திறன் என்றால் 40 கிலோவைத் தொடும், இருவர் வேண்டும். அதற்கு மேல் போல்ட் போட்டு இறுக்கிய மோட்டார்களைப் படகிலேயே விட்டு நன்றாகப் பூட்டுவதுதான் நடைமுறை.

கழற்றினால், பலகை அடித்த ஒரு தாங்கியில் நிமிர்ந்த நிலையில் மாட்டி வையுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நீர் முழுக்க வடிந்திருக்க வேண்டும், தலைப்பகுதி எப்போதும் கீழ்ப்பகுதியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத் தண்ணீர் புகைவழியே சிலிண்டருக்குள் போகும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எந்தப் பக்கமாகப் படுக்க வைக்கலாம் என்பதை மோட்டாரிலேயே அல்லது கையேட்டில் குறித்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கார் டிக்கியில் அவசரத்தில் எப்படியோ போட்டுக் கொண்டுவருவதுதான் வழக்கமான தவறு.

படகிலேயே விடுவதானால் மோட்டாரைத் தூக்கிய நிலையில் விடாமல் கீழே இறக்கி வையுங்கள். மேலே தூக்கியிருந்தால் மழைநீர் புரொப்பெல்லர் குழியில் தேங்கும்.

8. பூட்டு

எந்தப் பூட்டும் திருட்டை அடியோடு நிறுத்தாது, நேரத்தை மட்டும் கூட்டும். அந்த நேரமும் சத்தமும்தான் திருடனைப் பக்கத்துப் படகுக்குக்கூடப் போகவிடாமல் விரட்டும். அதனால் ஒரே பெரிய பூட்டைவிட வெவ்வேறு விதமான இரண்டு தடைகள் மேல்.

திருகுப் பிடியுள்ள சிறு மோட்டாருக்கு, இரண்டு திருகுக் கைப்பிடிகளையும் சேர்த்து மூடும் இரும்புக் குழல் பூட்டு கிடைக்கிறது. கைப்பிடிகளை ஒரே கோட்டில் கொண்டுவந்து, குழலைச் செருகிப் பூட்டினால் அவற்றைச் சுழற்ற முடியாது. வாங்கும் முன் கைப்பிடிகளின் நீளத்தையும் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், எல்லா மோட்டாருக்கும் ஒரே குழல் பொருந்தாது. போல்ட் போட்ட மோட்டாருக்கு நட்டின் மேல் மாட்டும் பூட்டு உண்டு, தனிச் சாவி இல்லாமல் திருக முடியாது.

இரண்டாவது தடையாகச் சங்கிலி. கெட்டிப்படுத்திய எஃகில், கண்ணி 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். மெல்லிய கம்பிக் கேபிளைக் கைக்கத்தரியால் சில நொடிகளில் வெட்டிவிடலாம், அதை நம்பி மோட்டாரை விடாதீர்கள். சங்கிலி போகும் வளையமும் முக்கியம். பிளைவுட்டில் இரண்டு மரத்திருகால் பிடித்த வளையத்தைக் கடப்பாரையால் நெம்பினால் பிய்ந்து வரும். பின்பலகையை ஊடுருவிய போல்ட்டும் உட்புறம் தகடும் வேண்டும். சங்கிலி தரையில் படாமல் இறுக்கமாக இருக்கட்டும், தரையில் கிடந்தால் கத்தரியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி எடையைப் போட்டு வெட்ட வசதியாகிவிடும்.

உப்புக்காற்று பூட்டின் உட்புறத்தைத் தின்னும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் செய்த, சாவித்துளைக்கு மூடியுள்ள பூட்டாக எடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து மூடிப் பாருங்கள். மாற்றுச் சாவியைப் படகிலேயே எங்காவது ஒளித்து வைக்க வேண்டாம்.

வரிசை எண்ணையோ உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தையோ மேல்மூடியின் உட்புறத்திலும் வேறு இரண்டு இடங்களிலும் பொறித்துவிடுங்கள். விற்க முடியாத மோட்டாரை யாரும் விரும்ப மாட்டார்கள். கண்காணிப்புக் கருவி மறைத்து வைக்கிறவர்கள் அதன் பேட்டரி எத்தனை மாதம் வரும் என்பதைக் கணக்கிட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. படகு

படகுக்குள் சேரும் நீர் வடியும் துளையை அடைத்திருக்கும் தக்கையைக் கழற்றுங்கள். கழற்றிய தக்கையை ஓட்டும் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அப்போதுதான் அடுத்த முறை மறக்காது. அணியம் உயர்ந்தும் அமரம் தாழ்ந்தும் இருக்கும்படி நிறுத்தினால், மழைநீர் தானாகத் தக்கைத் துளை வழியே ஓடிவிடும். துளையை இலைதழை அடைக்காமல் பாருங்கள்.

தார்ப்பாய் போடும்போது நடுவில் கம்போ வளைவோ கொடுத்துக் கூரைபோல நிறுத்துங்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினால் 200 கிலோ. அந்தக் கனம் இருக்கைகளையும் பக்கவாட்டையும் நசுக்கும். ஆனால் காற்றுப்புகாமல் சுற்றிக் கட்டவும் கூடாது. இரு முனைகளிலும் காற்றுப் போக வழி இருந்தால்தான் பூசணம் பிடிக்காது. ஈரத்தோடு மூடாதீர்கள், இரண்டு நாள் காயவிட்டு மூடுங்கள்.

ஃபைபர் படகின் எடையை ஏராவின் (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) நீளம் முழுவதும் பகிர்ந்து தாங்க வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் கட்டை கொடுத்தால் உடல் உள்வாங்கும். மரப்படகு அதிகம் உலரக்கூடாது, நிழலில் வையுங்கள். அலுமினியப் படகை ஈர மரத்தோடோ செம்பு கலந்த பூச்சு பட்ட கட்டையோடோ ஒட்ட விடாதீர்கள், அரிக்கும். காற்றடைக்கும் படகை நன்றாகக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, தளர்வாகச் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் வையுங்கள். எலி இன்னொரு வகையிலும் எதிரி: மோட்டார் மூடிக்குள் கூடு கட்டி வயரையும் எரிபொருள் குழாயையும் கடித்துவிடும்.

துடுப்பு, உயிர்காப்பு உடை, மின்னணுக் கருவிகள், நங்கூரம் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடட்டும்.

10. டிரெய்லர்

இணைப்புமுனைப் பூட்டு ஒன்று, சக்கரப் பூட்டு ஒன்று. நீண்ட காலம் என்றால் அச்சைத் தாங்கிகள் மேல் ஏற்றி ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம், டயருக்கும் நல்லது. நீரில் இறங்கிய டிரெய்லர் என்றால் சக்கர பேரிங்கில் கிரீஸ் மாற்றி வையுங்கள். சூடான பேரிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும்.

11. இடையிடையே போய்ப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, பெருமழையோ புயலோ அடித்தால் மறுநாளே. தார்ப்பாய், தக்கைத் துளை, பூட்டு, எலித் தடயம், பேட்டரி வோல்ட், அவ்வளவுதான், பத்து நிமிடம். போகும்போது தேதி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். திருட்டு நடந்தால் எந்தத் தேதி வரை இருந்தது என்று சொல்ல அதுவே சான்று. காணவில்லை என்று தெரிந்தால் எதையும் தொடாமல், வெட்டிய சங்கிலியைக்கூட எறியாமல், படம் எடுத்துவிட்டு அன்றே காவல் நிலையத்தில் வரிசை எண்ணோடு புகார் கொடுங்கள். புகாரின் நகலை வாங்கிக்கொண்டு காப்பீட்டுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்க வேண்டிய காலக்கெடு ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

வைக்கும் நாளிலேயே ஓர் அட்டையில் எழுதி மோட்டாரின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்: எந்தத் தேதியில் வைத்தது, எந்த எண்ணெய் மாற்றியது, என்ன கழற்றியது, அடுத்து என்ன மாட்ட வேண்டும். அட்டையின் முதல் வரி ‘தக்கை’ என்று இருக்கட்டும்.